ஒட்டுக்கு மேலே

பாமன்கடையிலிருந்து அம்மையார் ஒருவர் எமக்கு ஒரு கடிதம் வரைந்திருந்தார். இப்பகுதிக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் எலுமிச்சையில் இலைச்சுருட்டி, கறிவேப்பிலை தளிர்க்கவில்லை, தென்னையில் வண்டு என்ற வகையினவே. இக்கடிதம் வேறு வகையைச் சார்ந்தது. “ஐயா, எங்கள் வளவில் ஒரு மாமரம் நிற்கிறது. அதன் பெயர் என்ன என்று நீங்கள் வந்து பார்த்துச் சொல்லவேண்டும். மரத்தை வெட்டுமுன் எனக்கு அது தெரியவேண்டும். ஒரு மனிதரைப் பற்றி நான் சொன்ன சொல் சரியா பிழையா என்பது அந்தப் பெயரிலேதான் இருக்கிறது” என்று அவர் எழுதியிருந்தார்.

மரத்தின் பெயரை அறிய விரும்புவோர் பலர். அந்தப் பெயரில் ஒரு மனிதரின் மானம் தங்கியிருக்கிறது என்று எமக்கு எழுதியவர் இவர் ஒருவரே. ஆதலின் மறுகிழமையே டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை வழியே பாமன்கடைக்குச் சென்றோம். போகும் வழியில் வெள்ளவத்தைச் சந்தையில் இறங்கி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த கறுத்தக்கொழும்பான் பழங்கள் நான்கை விலைகொடுத்து வாங்கிக் கொண்டோம். அவற்றை ஏன் வாங்கினோம் என்பது பின்னர் விளங்கும்.

தகரத் துண்டு

வீடு பழையது. இருபுறமும் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. பின்வளவில், மதிலோரமாக அந்த மாமரம் நின்றது. அடியிலிருந்து இரண்டு தண்டுகளாகப் பிரிந்து, ஒன்று மதிலுக்கு அப்பாலும் மற்றது கிணற்றின் மேலுமாகச் சாய்ந்திருந்தது. மரத்துக்குப் பின்னால், மதிலில் ஆணியடித்த ஒரு சிறு தகரத் துண்டு. அதில் ஆணிமுனையாற் கீறிய எழுத்துகள்: ‘க. கொ.’

“கறுத்தக்கொழும்பான் எண்டுதான் தம்பி அவர் தந்தவர். தன்ர கையாலேயே கீறித் தந்தவர்” என்றார் அம்மையார்.

அவர் கூறிய வரலாறு இது. 1979ஆம் ஆண்டில் அவர் மணமாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. யாழ்ப்பாணத்தில், அவர் பிறந்த ஊரில், ஒட்டுக்கட்டுவதிற் பெயர்பெற்ற ஒருவர் இருந்தார். குடும்பத்துக்கு வேண்டியவர், அம்மையார் அவரை ‘அண்ணை’ என்றே அழைப்பார். அவரிடம் ஒரு ஒட்டுமாங்கன்று வாங்கி, பால்மாப் பேணியில் வைத்து, யாழ்தேவியில் மடிமீது சுமந்து வந்து பாமன்கடையில் நட்டார்கள். கன்றோடு வந்த தகரத் துண்டைக் கணவர் மதிலில் அறைந்தார். 1983ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மரம் முதன்முறை பூத்தது; மழையில் பூ முழுவதும் கொட்டிற்று. அடுத்த ஆண்டு காய்க்கும் என்று காத்திருந்தார்கள்.

அவ்வாண்டு யூலை மாதத்தில் என்ன நிகழ்ந்ததென்று இவ்வூர் வாசகர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வெள்ளவத்தை, பாமன்கடைப் பகுதிகளில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. இவர்களுடைய வீட்டின் பின்பகுதியும் எரிந்தது. பாடசாலையொன்றில் தஞ்சம் புகுந்து, பின்னர் கப்பலேறிக் காங்கேசன்துறை சென்றனர். திரும்பி வந்தது 1988இல். வீட்டைத் திருத்தினார்கள், வளவிற் கிடந்த இடிபாட்டை நிரவி மண் போட்டார்கள். மதிலில் தகரத் துண்டு அப்படியே இருந்தது. அதன் முன்னே ஆளுயரத்துக்கு மேல் மாமரம் தழைத்து நின்றது. “மரமாவது தப்பிச்சுதே” என்று கணவர் கண்கலங்கினாராம்.

இரண்டாண்டுகளில் மரம் காய்த்தது. பழம் சிறியது, உருண்டையானது, பழுத்தால் மஞ்சள், வாயில் வைத்தால் நாரும் புளிப்பும். கறுத்தக்கொழும்பான் என்று நம்பிக் காத்திருந்தவர்களுக்கு அது பெரும் ஏமாற்றம். “பாசமெண்டு நம்பிக் காசைக் குடுத்தம், நாட்டுமாவைத் தந்து ஏமாத்திப்போட்டார்” என்ற சொல் வீட்டில் நிலைத்துவிட்டது.

சொல் வீட்டோடு நின்றிருந்தாற் பழுதில்லை. 2002இல் ஏ-9 வீதி திறந்தபோது அம்மையார் ஒரு கலியாணத்துக்காக ஊருக்குச் சென்றார். அங்கே, பந்தியிற் பலர் முன்னிலையில், அந்த முதியவரைப் பார்த்து அச்சொல்லைச் சொல்லிவிட்டார். முதியவர் கோபிக்கவில்லை. “பிள்ளை, என்ர ஒட்டுக்கு மேலே காய்ச்சதெண்டா அது கறுத்தக்கொழும்பான்தான்” என்று மட்டும் சொல்லி, இலையை மடித்துவிட்டு எழுந்து போனாராம். அதற்குப் பின் இருவரும் சந்திக்கவில்லை. சில ஆண்டுகளில் அவர் காலமானார்.

கனடாவிலிருந்து வந்த ஐயம்

இருபதாண்டுக்கு மேலாக உறங்கிய இவ்விடயத்தைக் கிளறியது மாமரமன்று. ஒரு மேப்பிள் மரம்.

அம்மையாரின் பேத்தி கனடாவில் வாழ்கிறார். தம் வீட்டு முற்றத்தில் யப்பானிய மேப்பிள் ஒன்றை நட்டிருந்தார். யப்பானியர் பல நூற்றாண்டுகளாகப் போற்றி வளர்க்கும் மரம் இது. விரல் விரித்த கைபோன்ற சிறிய இலை. செம்மை, பொன்மை, பசுமை எனப் பல நிறம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகளுக்குத் தனித்தனிப் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. பேத்தி வாங்கியது செவ்விலை வகை. சீட்டிலும் அவ்வாறே எழுதியிருந்தது. சில ஆண்டுகளில் மரத்தின் பாதி பச்சையாயிற்று. பின்னர் ஒரு கடுங்குளிரில் செம்பாதி பட்டுப்போய், பச்சை மட்டும் எஞ்சிற்று. விற்றவரிடம் முறையிடச் சென்றபோது, அங்கிருந்த தோட்டக்காரர் மரத்தின் இலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “அடியிற் பார்த்தீர்களா?” என்று கேட்டாராம்.

பெயர்பெற்ற மேப்பிள் வகைகளை விதையிலிருந்து உண்டாக்கினால் பிள்ளைகள் தாயைப்போல் அமைவதில்லை. எனவே சாதாரணப் பச்சை மேப்பிளின் நாற்றில் அவற்றின் கிளையை ஒட்டுகிறார்கள். கீழே வேரும் அடியும் ஒரு மரத்துக்குரியவை. மேலே கிளையும் இலையும் இன்னொரு மரத்துக்குரியவை. மேலுள்ளது நலிந்தால் கீழுள்ளது தன் சொந்தத் தளிரை விடும். அதைக் கிள்ளாமல் விட்டால் நாளடைவில் அதுவே மரமாகிவிடும். சீட்டு அப்போதும் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருக்கும்.

பேத்தி இதனைத் தொலைபேசியில் அம்மம்மாவிடம் வேடிக்கையாகச் சொன்னார். அம்மம்மா அன்றிரவு உறங்கவில்லை. ‘என்ர ஒட்டுக்கு மேலே’ என்று முதியவர் சொன்னது அப்போதுதான் அவர் செவியில் விழுந்தது போலும். மறுநாள் எமக்குக் கடிதம் எழுதினார். அவருடைய பிள்ளைகள் வளவை அடுக்குமாடி கட்டுவோரிடம் கொடுக்க இசைந்துவிட்டபடியால், காலமும் அதிகமில்லை.

மூன்று வழக்குகள்

சீட்டு ஒன்றும் மரம் இன்னொன்றுமாக இருந்தால் அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்.

முதலாவது, மரம் சீட்டிலுள்ளதே. மண்ணும் மழையும் அதனை மாற்றிவிட்டன. இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. கறுத்தக்கொழும்பான் பெயரிற் கொழும்பைச் சுமந்தாலும் வடபுலத்து வறண்ட மண்ணையே விரும்புவது. யாழ்ப்பாணத்தில் ஓர் ஆண்டிற் பெய்யும் மழையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு கொழும்பிற் பெய்கிறது. மா பூக்கும் காலத்துக்கு வறட்சி வேண்டும். ஈரம் மிகுந்தாற் பூவிற் பூஞ்சணம் பற்றிக் கருகும். விவசாயத் திணைக்களம் கறுத்தக்கொழும்பானையும் அம்பலவியையும் உலர் வலயத்துக்கு உரியனவாகக் கூறுவதும், ஈர வலயத்துக்கு விலாட்டைப் பரிந்துரைப்பதும் இதனாலேயே.

இரண்டாவது, விற்றவர் தவறான கன்றைத் தந்தார், அறிந்தோ அறியாமலோ. இதுவும் உலகில் நடப்பதே. இந்தியாவில் ஒரே மாவைத் தோத்தாபுரி, பெங்களூரா, கிளிமூக்கு, கலெக்டர் என்று இடத்துக்கோர் பெயரால் அழைப்பர். பெயர் பலவாகும்போது தடுமாற்றமும் பலவாகும்.

மூன்றாவது, கன்றும் சரி, சீட்டும் சரி. சீட்டுக்குரிய பாகம் மடிந்துவிட, ஒட்டுக்கட்டை மரமாயிற்று. மேப்பிளுக்கு நேர்ந்தது இது.

இம்மூன்றையும் பிரித்தறிய வேண்டும். அதற்கு ஒழுங்கு உண்டு. மாவின் வகையை அறிவதற்கென அனைத்துலகத் தாவர மரபுவள நிறுவனம் 2006இல் ஒரு விவரணக் கையேட்டை வெளியிட்டது. இலையின் உருவம், தளிரின் நிறம், கசக்கிய இலையின் மணம், பூங்கொத்தின் நிறம், காயின் தோள், நுனி மூக்கு, தோலின் புள்ளிகள், சதையின் நார், கொட்டையின் வரி, கொட்டைக்குள் முளை ஒன்றா பலவா என அடையாளங்கள் நீண்டு செல்கின்றன. நிறம் ஒன்றைக் கொண்டோ சுவை ஒன்றைக் கொண்டோ தீர்ப்புக் கூறலாகாது என்பதே அதன் உட்கருத்து. நம் ஊர்க் கிழவிகள் கொட்டையைச் சூப்பிப் பார்த்தே வகை சொல்வர். அவர்களும் உண்மையில் ஐந்தாறு அடையாளங்களை ஒருங்கே நோக்குபவர்களே.

சாட்சிகள்

சந்தையில் வாங்கிய பழங்களையும் வளவுப் பழங்களையும் கூடத்து மேசையில் வரிசையாக வைத்தோம். கறுத்தக்கொழும்பான் நீளுருண்டையானது, பழுத்த பின்னும் தோலின் கரும்பச்சைச் சாயல் முற்றாக நீங்காது, அறுத்தாற் செம்மஞ்சட் சதை, நார் மிகக் குறைவு. வளவுப் பழமோ கைக்குள் அடங்கும் உருண்டை, தோல் முழு மஞ்சள், சதை வெளிர், நார் பற்களிற் சிக்கும். நிறத்தையும் பருமனையும் இனிப்பையும் கொழும்பின் மழை மாற்றியிருக்கலாம். ஆனால் நீண்டதை உருட்டவோ, நாரற்ற சதையைக் கயிறாக்கவோ மழைக்கு வல்லமை இல்லை.

அடுத்துக் கொட்டைகள். இரண்டையும் கழுவிக் காயவைத்தோம். ஒன்று நீண்டு தட்டையாக இருந்தது. மற்றது குறுகித் தடித்து, தும்புக்கட்டு வைத்தாற்போல் நார் நிறைந்திருந்தது. பின்னர் இலைகள். யாழ்ப்பாணத்தில் எமக்கு வேண்டியவர் ஒருவர், ஐயமற்ற கறுத்தக்கொழும்பான் மரத்தின் கிளையொன்றை ஈரத்துணியிற் சுற்றிப் பேருந்தில் அனுப்பியிருந்தார். முற்றிய இலையோடு முற்றிய இலையை ஒப்பிட்டோம்; தளிரையும் முதிரிலையையும் ஒப்பிடுவோர் எப்போதும் ஏமாறுவர். அகலத்திலும் விளிம்பின் நெளிவிலும் இரண்டும் வேறு. கசக்கி முகர்ந்தபோது மணமும் வேறு.

“அப்ப, இது கறுத்தக்கொழும்பான் இல்லைத்தானே?” என்றார் அம்மையார். குரலில் ஒரு தளர்ச்சி.

இல்லை என்றோம். முதல் வழக்கு அத்துடன் தள்ளுபடியாயிற்று. எஞ்சியவை இரண்டு. அவர் அஞ்சியது இரண்டாவதையா மூன்றாவதையா என்று அப்போது எமக்கு விளங்கவில்லை. ஏமாற்றப்பட்டோம் என்பது ஒரு துயரம்; ஏமாற்றாதவரைப் பழித்தோம் என்பது அதனினும் பெரிய துயரம் அன்றோ!

இந்நாளில் மரபணுச் சோதனை உண்டே என்று இளைஞர் கேட்கலாம். உண்டு, அதன் ஆற்றலும் பெரிது. அமெரிக்காவின் புளோரிடாவில் ‘ஹேடன்’ என்ற புகழ்பெற்ற மா உண்டு. இந்தியாவிலிருந்து 1889இல் கொண்டுசெல்லப்பட்ட ‘முல்கோபா’ என்ற மாவின் கொட்டைகளை ஹேடன் என்ற தரைப்படைத் தலைவர் 1902இல் நட்டார். அவர் மறைந்த பின் அவர் மனைவி பேணிய கன்றுகளுள் ஒன்றே அந்த ஹேடன் மரம். தாய் யாரென்று தெரியும். தந்தை யாரென்று நெடுங்காலம் தெரியாது. பிற்கால மரபணு ஆய்வுகளே, ‘டர்பன்டைன்’ எனப்படும் நார்மிக்க நாட்டுமாவே தந்தை என்று காட்டின. ஆயினும் பாமன்கடை வளவில் எமக்கு அத்துணை பெரிய கருவி வேண்டியிருக்கவில்லை. ஒரு மண்வெட்டியே போதுமாயிருந்தது.

மண்ணுக்குள் இருந்த விடை

ஒட்டுமரம் எதுவாயினும் அதன் அடியில் ஒட்டின் தழும்பு இருக்கும். சாணோ முழமோ உயரத்தில் ஒரு தடிப்பு, ஒரு சுருக்கு, அல்லது மேற்பட்டையும் கீழ்ப்பட்டையும் நிறத்தில் வேறுபடும் ஒரு கோடு. அம்மரத்தின் இரு தண்டுகளிலும் அவ்வாறான எதனையும் கண்டிலேம். 1988இல் நிரவிய மண் அடியை மூடியிருந்தது நினைவுக்கு வரவே, வேலையாள் ஒருவரைக் கொண்டு அம்மண்ணை மெல்ல அகற்றுவித்தோம்.

ஒரு முழ ஆழத்தில் உண்மை தெரிந்தது. இரண்டு தண்டுகளும் இரண்டு மரங்களல்ல. ஒரே அடிமுண்டத்தின் இருபுறமும் பக்கத்தளிராகக் கிளம்பியவை. அவற்றின் நடுவே, முன்னொரு காலத்தில் மூலத்தண்டு நின்ற இடத்தில், பொந்து ஒன்று இருந்தது. மரம் உக்கி மண்ணாகிவிட்டது. அந்த மண்ணைக் கையில் அள்ளிப் பிசைந்தபோது கருந்துண்டுகள் உதிர்ந்தன. மாமரத்தின் தடி விரைவில் உக்கும், கரி உக்காது.

அம்மையார் கரித்துண்டு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபடியே நின்றார். ஒன்றும் பேசவில்லை.

எனினும் கரி ஒன்றே முழுச் சான்றாகாது. இடிபாட்டு மண்ணிலும் கரி இருந்திருக்கலாம் என்று எதிர்வழக்குரைப்போர் கூறுவர். இன்னொரு சாட்சி வேண்டும் என்றோம். அப்போதுதான் அவருக்கு ஒரு புகைப்படம் நினைவு வந்தது. 1982இல் மூத்த மகளின் பிறந்தநாளன்று பின்வளவில் எடுத்தது. வீட்டிலிருந்த பிரதி எரிந்துவிட்டது. ஊரிலிருந்த தங்கைக்கு அனுப்பிய பிரதி அங்கே பெட்டியில் இருந்தது. பத்து நாளில் அது வந்து சேர்ந்தது.

கறுப்பு வெள்ளைப் படம். சட்டையில் நாடா கட்டிய சிறுமி. அவளுக்குப் பின்னால் மதில். மதிலில் தகரத் துண்டு. அதன் கீழே நேராக எழுந்த ஒற்றைத்தண்டு மாங்கன்று. பூதக்கண்ணாடி கொண்டு நோக்கினோம். சிறுமியின் முழங்காலளவில், தண்டைச் சுற்றி ஒரு தடித்த வளையம் தெளிவாகத் தெரிந்தது. அதுவே ஒட்டு.

வழக்குத் தீர்ந்தது. 1982இல் நின்றது ஒட்டுள்ள ஒற்றைத்தண்டு மரம். 1988இல் நின்றது ஒட்டின்றி நிலத்திலிருந்து கிளைத்த வேறு மரம். இடையில் வந்தது நெருப்பு. அது வீட்டின் பின்பகுதியை எரித்தபோது மதிலோரத்து இளங்கன்றையும் கருக்கிற்று. ஒட்டுக்கு மேலிருந்த கறுத்தக்கொழும்பான் அன்றே மடிந்தது. கீழிருந்த நாட்டுமா, வேர் மண்ணுக்குள் இருந்தமையால் உயிர்தப்பி, ஆளில்லா வளவில் ஐந்தாண்டு தன்போக்கில் வளர்ந்தது. நெருப்புக்குத் தப்பிய தகரம் தன் பெயரை வைத்துக்கொண்டு அதே இடத்தில் இருந்தது. திரும்பி வந்தவர்கள் தகரத்தை வாசித்தார்கள், மரத்தை வாசிக்கவில்லை. அவர்களைக் குறைகூற யாருக்கு மனம் வரும்? எரிந்த வீட்டுக்குத் திரும்பியவர்கள், ஏதாவது ஒன்று தப்பியிருக்கவேண்டும் என்று விரும்பினார்கள்.

முதியவர் தந்த கன்று கறுத்தக்கொழும்பானே என்று ஆணையிட்டுக் கூற அம்மரத்தின் இலை ஒன்றேனும் இன்று இல்லை. ஆனால் அவர் ஏமாற்றினார் என்பதற்கு இருந்த ஒரேயொரு சான்று அந்தப் புளித்த பழம். அது அவர் ஒட்டிய கிளையிற் காய்த்ததன்று. சான்று வீழ்ந்தால் குற்றச்சாட்டும் வீழ்ந்தது.

“ஒட்டுக்கு மேலே எண்டு அண்ணை சொன்னவர் தம்பி. அவ்வளவு சனத்துக்கு முன்னாலை நான் கேட்ட கேள்விக்கு அவர் சரியான மறுமொழிதான் சொல்லியிருக்கிறார். எனக்குத்தான் விளங்கேல்லை” என்றார் அம்மையார். எமக்கும் சிறிது நேரம் பேச நா எழவில்லை.

பெயரில்லாத மரம்

இனி, நிற்கும் மரத்தின் பெயர் என்ன? அதுவன்றோ கேள்வி. ஒட்டுக்கட்டைக்கென யாரும் பெயர்பெற்ற பழத்தின் கொட்டையைத் தேடுவதில்லை. கிடைத்த நாட்டுமாவின் கொட்டையை முளைக்கவைப்பர். ஆகவே அதற்கு ‘நாட்டுமா’ என்பதற்கு மேல் ஒரு பெயர் சொல்வது நேர்மையாகாது. பெயர் தெரியாத மரத்துக்கு ஒரு பெயரைப் பொருத்திவிட்டுப் போவது, அத்தகரத் துண்டு செய்த பிழையை மீண்டும் செய்வதேயாகும்.

ஆனால் அம்மரம் தன்னைப்பற்றி ஒரு செய்தி சொல்லிற்று. அதன் கொட்டைகள் மூன்றைச் சட்டியில் ஊன்றியிருந்தோம். ஐந்து கிழமை கழித்துப் போய்ப் பார்த்தபோது ஒரு கொட்டையில் நான்கு முளைகளும், மற்ற இரண்டிலும் மும்மூன்று முளைகளும் எழுந்து நின்றன. மாவில் ஒற்றைமுளை, பல்முளை என இரு சாதி உண்டு. ஒற்றைமுளைக் கொட்டையில் வரும் கன்று தாயும் தந்தையும் கலந்த புதுப்பிறவி. பழம் எப்படியிருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. பல்முளைக் கொட்டையிலோ, முளைகளுட் பெரும்பாலானவை தாயின் உடலணுவிலிருந்தே தோன்றுபவை, அச்சொட்டாகத் தாயே. நாமறிந்த வெள்ளைக்கொழும்பான் பல்முளைச் சாதியே. இந்தியாவில் அதனை அல்போன்சாவுக்கு ஒட்டுக்கட்டையாக வைத்து, மரத்தைக் குட்டையாக வளர்க்கும் முறையை ஆராய்ந்திருக்கிறார்கள்.

முப்பதாண்டுக்கு மேலாகப் ‘பொய்மரம்’ என்று வசைகேட்ட அந்த நாட்டுமாவே, தன்னைத்தான் மாறாமல் வழங்கக்கூடிய மரமாக இருந்தது. மேலும் ஒன்று. அந்த நெருப்பிற் பிழைத்த வேரின் வலிமையை யாரும் ஐயுற முடியாது. அதன் பழம் இனிப்பதில்லை என்பது உண்மை. காய் ஊறுகாய்க்கும் மாங்காய்ச் சம்பலுக்கும் உகந்தது என்பதை அயல்வீட்டார் நெடுநாளாக அறிவர்.

வளவு கைமாறும் நாள் நெருங்குகிறது. மரத்தைக் காக்க இயலாது. ஆயினும் அம்மையார் ஒரு காரியம் செய்தார். ஊரிலுள்ள அந்த முதியவரின் மகனுக்குக் கடிதம் எழுதினார். 2002இல் பந்தியிற் சொன்ன சொல்லைத் தாம் மீட்டுக்கொள்வதாகவும், அதனை அன்றிருந்தோர் யாவரும் அறியச் சொல்லவேண்டும் என்றும் எழுதினார். கரித்துண்டைப் பற்றியும் புகைப்படத்தைப் பற்றியும் எழுதினார். இறுதியில் ஒரு வேண்டுகோள்: தந்தையார் ஒட்டுக்கிளை வெட்டும் தாய்மரம் இன்றும் நிற்குமாயின், அதிலிருந்து ஒரு கிளை வேண்டும்.

மறுமொழி வந்தது. மரம் நிற்கிறது. “அப்பா இருந்திருந்தால் தானே வந்து கட்டித் தந்திருப்பார். கன்று பென்சில் தடிப்புக்கு வந்ததும் அறிவியுங்கோ மாமி, நான் வந்து கட்டித் தருகிறேன்” என்று மகன் எழுதியிருந்தார்.

சட்டியில் முளைத்த கன்றுகளில் வலியவை மூன்று இப்போது வவுனியாவில், அம்மையாருடைய மகனின் வளவில் இருக்கின்றன. அது உலர் வலயம். கறுத்தக்கொழும்பானுக்கு இசைந்த இடம். கீழே பாமன்கடை, மேலே யாழ்ப்பாணம் என்று அம்மரம் எழும்.

வாசகர்க்கு ஒரு சொல்

உங்கள் வளவிலும் சீட்டுக்கு மாறாகக் காய்க்கும் மரம் இருக்கலாம். விற்றவரைத் திட்டுமுன் சில காரியங்களைச் செய்யுங்கள். அடிமரத்தில் ஒட்டின் தழும்பைத் தேடுங்கள். அதற்குக் கீழிருந்து கிளம்பிய தண்டா, மேலிருந்து வந்த கிளையா என்று பாருங்கள். ஒட்டுக்குக் கீழே தளிர் தோன்றினால் இளமையிலேயே கிள்ளிவிடுங்கள். பழம், கொட்டை, முற்றிய இலை, பூ ஆகிய நான்கையும் ஐயமற்ற மரத்தின் நான்கோடு அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். ஒரு பருவத்தைக் கொண்டு முடிவுகட்டாது இரண்டு பருவம் பாருங்கள். மரம் பட்ட பாட்டையும் விசாரியுங்கள்: எப்போதாவது முறிந்ததா, ஆடு கடித்ததா, எரிந்ததா என்று.

சீட்டை மதிலில் அறையாதீர்கள்; தொட்டியில் ஒட்டாதீர்கள். மரத்திலேயே, ஒட்டுக்கு மேலேயுள்ள கிளையில், தண்டு பருக்க இடம்விட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். அக்கிளை பட்டால் சீட்டும் அதனோடு விழும். பொய் சொல்ல அங்கே நில்லாது.

பாமன்கடை மதிலிலிருந்த ஆணியை அம்மையார் கழற்றிவிட்டார். ‘க. கொ.’ என்று கீறிய அந்தத் தகரத் துண்டு, கழுவித் துடைத்து, சாமியறை அலமாரியில் இருக்கிறது. வவுனியாவிற் கன்று தடித்து ஒட்டுக் கட்டும் நாளில், அதனை எங்கே கட்டவேண்டும் என்பது இப்போது அவருக்குத் தெரியும்.